எது என் பாவம், எது என் காயம்?



தவக்காலத்திலும் மடுத் திருவிழாக் காலத்திலும் பாவசங்கீர்த்தனத்துக்காக நீண்ட வரிசைகள் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். நான் வேலை செய்யும் கிராமங்களில் கத்தோலிக்கச் சகோதரிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மிஸ், இதையும் சுவாமியாரிட்டச் சொல்லத்தான் வேணுமோ?"

அந்த 'இது' பெரும்பாலும் அவர்கள் செய்த ஒன்றல்ல. அவர்களுக்குப் பிறர் செய்த ஒன்று. நான் இறையியல் கற்றவள் அல்ல, சமூகவியல் படித்தவள். ஆனாலும் இதுபற்றித் திருச்சபை உண்மையில் என்ன போதிக்கிறது என்று அறிந்தால் பலருடைய மனப்பாரம் குறையும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் செய்ய வேண்டியவை சில. மனச்சாட்சியை ஆராய்தல், செய்த பாவத்துக்காக மனம் வருந்துதல், இனிச் செய்வதில்லை என உறுதி எடுத்தல், குருவிடம் அதைச் சொல்லுதல், அவர் தரும் பரிகாரத்தை நிறைவேற்றுதல். ஆண்டுக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்ற ஒழுங்கை 1215 ஆம் ஆண்டு இலாத்தரன் சங்கம் விதித்தது. கட்டாயமாகச் சொல்ல வேண்டியது சாவான பாவத்தையே. ஒரு செயல் சாவான பாவமாவதற்கு மூன்று நிபந்தனைகள் உள்ளன. விடயம் பாரதூரமானதாக இருக்க வேண்டும். அது பாரதூரமானது என்று தெரிந்திருக்க வேண்டும். முழு மனச் சம்மதத்துடன் செய்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது சாவான பாவமல்ல.

துப்பாக்கி முனையில் நடந்ததில் சம்மதம் ஏது?

இக்கேள்வி புதியதல்ல. 410 ஆம் ஆண்டு கோத் படைகள் உரோமை நகரைச் சூறையாடியபோது பெண்கள் பலர் பாலியல் வன்முறைக்கு உள்ளானார்கள். அவர்களின் கற்புப் பற்றிக் கேவலமாகப் பேசியவர்களும் இருந்தார்கள். ஆயரான புனித அகுஸ்தீனார் தமது 'கடவுளின் நகரம்' என்ற நூலின் முதற் பகுதியிலேயே இதற்குப் பதில் எழுதினார். மனம் சம்மதியாதபோது உடலுக்கு நேர்ந்தது அப்பெண்ணைக் குற்றவாளியாக்காது, குற்றம் செய்தவனையே சாரும் என்பது அவரது கருத்து. பதினாறு நூற்றாண்டுகள் கடந்தும் எமது ஊர்களில் சிலருக்கு இது இன்னும் விளங்கவில்லை.

2009 இல் ஷெல் வீச்சுக்கு நடுவே, நடக்க இயலாத தாயை விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒரு சகோதரியை நான் அறிவேன். ஆண்டுதோறும் அதையே பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவந்தார். ஒருமுறை ஒரு குரு, "பிள்ளை, இது பாவமில்லை, துக்கம். அம்மாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பம்" என்றாராம். அதன்பிறகுதான் தாயை நினைத்து வாய்விட்டு அழ முடிந்தது என்று அவர் என்னிடம் சொன்னார்.

இன்னொன்றையும் அறிந்திருங்கள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு எவரிடமும் எக்காரணம் கொண்டும் வெளியிட முடியாது. அது திருச்சபைச் சட்டம். ஆகவே உங்களுக்கு இழைக்கப்படும் கொடுமைக்கு நடவடிக்கை தேவையானால், அதை அங்கே சொல்வது மட்டும் போதாது. அதே குருவிடமானாலும் பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியே பேசுங்கள். அல்லது நம்பிக்கையான உளவளத்துணையாளரிடமோ சட்ட உதவி வழங்குவோரிடமோ சொல்லுங்கள்.

"மன்னிச்சுப்போட்டு வழக்கை விடு" என்று சொல்பவர்களும் உண்டு. மன்னிப்பு வேறு, நீதியைக் கைவிடுவது வேறு. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981 மே 13 இல் சுடப்பட்டார். நான்கு நாட்களின் பின் தம்மைச் சுட்டவரை மன்னித்ததாக அறிவித்தார். 1983 டிசெம்பரில் சிறைக்கே சென்று அவரைச் சந்தித்தார். ஆனால் அந்த மனிதர் 2000 ஆம் ஆண்டு வரை இத்தாலியில் சிறைத் தண்டனை அனுபவித்தார். பாவசங்கீர்த்தனத்திலும் அப்படித்தான். திருடியவர் பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிறர் பெயரைக் கெடுத்தவர் அதைச் சீர்செய்ய வேண்டும். மேலும், மன்னிப்பதற்கு மறக்க வேண்டும் என்றில்லை. நடந்ததை உணராமலும் மறந்தும் இருப்பது எமது சக்திக்குள் அடங்கியதல்ல என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே ஏற்றுக்கொள்கிறது.

எனவே சகோதரிகளே, அடுத்த முறை அந்த வரிசையில் நிற்கும்போது நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள். ஆத்திரத்தில் பிள்ளையை அடித்தது, அயலவளைப் பற்றி இல்லாததைச் சொன்னது, சீட்டுக் காசைக் கொடுக்காமல் ஏய்த்தது, எதுவானாலும் சொல்லுங்கள். பிறர் உங்களுக்குச் செய்ததைச் சொல்லி அழ மனம் விரும்பினால் அழுங்கள். ஆனால் அதற்காக நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.