சிக்கனம் யாருக்கு?

வெளிநாட்டுக் கடன்களை மீளச் செலுத்த இயலாதென இலங்கை அரசு 2022 ஏப்பிரல் 12ஆம் திகதி அறிவித்தது. அன்று தொட்டுச் 'சிக்கனம்' என்ற சொல் ஆட்சியாளரின் மந்திரமாயிற்று. செலவைக் குறைத்தேயாக வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. எச்செலவை, எவருடைய தலையில் என்பதே வினா.

இவ்வினாவுக்கு நடைமுறை தந்த விடை தெளிவானது. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. 2022இன் தொடக்கத்தில் 8 வீதமாயிருந்த பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. மாளிகையில் வாழ்பவனும் லயன் அறையில் வாழ்பவனும் ஒரே பொருளுக்கு ஒரே வரியைச் செலுத்துகின்றனர். ஆயின் அதன் சுமை ஒருவனுக்குத் தூசு. மற்றவனுக்கோ ஒருவேளை உணவு.

இதே காலத்தில் படைத்துறை எவ்வாறு நடத்தப்பட்டது? 2023ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பு, பொதுமக்கள் பாதுகாப்பு ஆகிய இரு அமைச்சுகளுக்கும் 539 பில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. சுகாதாரத்துக்கு 322 பில்லியன். கல்விக்கு 232 பில்லியன். மாகாண சபைகள் வாயிலாகக் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் செல்லும் நிதி வேறு என்பது உண்மையே. ஆயினும், மருந்தில்லாத மருத்துவமனைகளைக் கண்ட ஒரு நாட்டில் இவ்வொதுக்கீடு நியாயமாகிவிடாது.

தேசத்தின் பாதுகாப்பில் கைவைக்கலாகாது என்பது இதனை ஆதரிப்போரின் முதல் வாதம். போர் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. 200,783ஆக இருந்த தரைப்படையின் ஆளணியை 2024இல் 135,000ஆகவும், 2030இல் 100,000ஆகவும் குறைப்பதாக 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சே அறிவித்தது. பாதிப் படை போதுமென்று அமைச்சே ஏற்றுக்கொள்ளுமாயின், போர் முடிந்து பதினான்கு ஆண்டுகளாக மறுபாதி எதற்காகப் பேணப்பட்டது? கடன்காரர் கதவைத் தட்டிய பின்னரே இவ்வுண்மை புலப்பட்டதோ?

இரண்டாவது வாதம் வலுவானது, எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஒதுக்கீட்டின் பெரும்பகுதி சம்பளத்துக்கும் உணவுக்குமே செல்கிறது; படையைக் குறைத்தால் வறிய கிராமத்து இளைஞர் வேலையிழப்பர் என்பதே அது. காணியும் தொழிலும் இன்றியே அவ்விளைஞர் படையை நாடினர் என்பதில் ஐயமில்லை. அவ்வாறாயின் பாதுகாப்புச் செலவு என்ற பெயரில் நடப்பது வேலையின்மையை மறைக்கும் ஏற்பாடாகும். போருக்குப் பின்னர் படைகள் பண்ணையும் உணவகமும் விடுதியும் நடத்தத் தலைப்பட்டமை இதற்குச் சான்று. வன்னியில் காய்கறி விற்கும் படை, அங்கு காய்கறி விளைவிக்கும் விவசாயியின் சந்தையையன்றி வேறெதனைக் கைப்பற்றுகிறது? சிப்பாயைத் தெருவில் விடுமாறு எவரும் கோரவில்லை. துப்பாக்கிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையேனும் அவனுக்குத் தொழில் பயிற்றவும், அவனது கிராமத்தில் தொழில் உருவாக்கவும் செலவிடுக என்பதே கோரிக்கை.

சிக்கனத்தின் உண்மை முகத்தை 2023 மார்ச் 9ஆம் திகதி நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் காட்டியது. அதற்கு மதிப்பிடப்பட்ட செலவு 10 பில்லியன் ரூபா. இரு பாதுகாப்பு அமைச்சுகளின் ஒதுக்கீட்டில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. திறைசேரியில் பணமில்லையென்று தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. இது குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறியதென 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தலோ 2025 மே மாதத்திலேயே நடைபெற்றது. துப்பாக்கி ரவைக்கு இருந்த பணம் வாக்குச்சீட்டுக்கு இல்லாதுபோயிற்று.

பல்கலைக்கழக சமூகத்துக்கு இவ்விவாதம் புதியதன்று. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு கோரி 2012இல் விரிவுரையாளர்கள் மூன்று மாதங்களுக்கும் மேலாகப் பணிப் பகிஷ்கரிப்பில் ஈடுபட்டனர். அன்று சொல்லப்பட்ட விடையும் 'பணமில்லை' என்பதே. அவ்விலக்கு இன்றுவரை எட்டப்படவில்லை.

ஆகவே கோரப்படுவது ஒன்றே. கல்விக்கும் மருந்துக்கும் மானியத்துக்கும் கேட்கப்படும் அதே கேள்விகள், அதே கடுமையோடு, பாதுகாப்பு அமைச்சின் ஒவ்வொரு செலவுத் தலைப்பின் மீதும் பாராளுமன்றத்திலும் பொதுமக்கள் மன்றத்திலும் கேட்கப்பட வேண்டும். அவை கேட்கப்படும் வரையில், சிக்கனம் பற்றி ஏழைக்குப் போதிக்கும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை.