செவிலியர் கேட்க வேண்டிய வினா

மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்த வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு நோயாளிக்குத் துணைநின்று பணிபுரிபவரையும் சேர்த்தார். அவரைக் குறிக்க ‘உழைச்செல்வான்’ என்னும் சொல்லை ஆண்டார். ‘உழை’ என்பதற்குப் பக்கம், அருகு என்பது பொருள். இன்றைய மருத்துவமனையில் அவ்வாறு அருகிருப்பவர் பெரிதும் செவிலியரே. மருத்துவர் சில நிமிடங்கள் வந்து செல்வார். செவிலியரோ பகலும் இரவும் முறைமாற்றி உடனிருப்பர். ஆகவே, நோயாளியின் சமய நம்பிக்கைகளைக் கேட்டறிவதும் அவர்தம் பணியின் ஒரு பகுதியே என்பது என் கருத்து.

சேர்க்கைப் படிவத்தில்தான் சமயத்திற்கென ஒரு கட்டம் இருக்கிறதே, தனியே கேட்பானேன் எனச் சிலர் வினவலாம். அக்கட்டம் சமயத்தின் பெயரைத் தருமேயன்றி, அவர் எதைக் கடைப்பிடிக்கிறார் என்பதைத் தராது. நீரிழிவு நோயுடைய இஸ்லாமியர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். ரமலான் மாதம். காலையில் இன்சுலின் செலுத்தப்படுகிறது, உணவும் வருகிறது. நோன்பு நோற்கும் அவர் எவரிடமும் சொல்லாமல் உணவை ஒதுக்கிவைக்கிறார். சிறிது நேரத்தில் குருதியில் சர்க்கரை தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் தோன்றி, அவர் நினைவிழக்கவும் கூடும். நோயுற்றோர் நோன்பை வேறு நாள்களில் நோற்கலாம் எனத் திருக்குர்ஆனே இசைவளிக்கிறது. எனினும், அதனை எடுத்துக்காட்டி நோயாளியிடம் வாதிடுவது செவிலியரின் வேலையன்று. ‘நோன்பிருக்கிறீர்களா?’ என்று முன்னரே கேட்டிருந்தால், நோன்பைத் தவிர்க்க அறிவுறுத்தவோ மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றவோ மருத்துவரால் இயன்றிருக்கும். அடுத்த படுக்கையில் அதே சமயத்தைச் சார்ந்த, நோன்பு நோற்காத ஒருவர் இருக்கலாம். படிவம் இருவரையும் ஒன்றாகவே காட்டும்.

யெகோவாவின் சாட்சிகள் என்னும் பிரிவினர் குருதி ஏற்றிக்கொள்ள இசைவதில்லை. அறுவை அரங்கின் வாயிலில் இது தெரியவருவதற்கும் முதல்நாளே தெரிவதற்கும் வேறுபாடு பெரிது. கேப்சூல் மாத்திரைகளின் மேலுறை பெரும்பாலும் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டினால் ஆனது. புலால் மறுத்தோர் சிலர் அதனை விழுங்கத் தயங்குவர்.

வலியும் உடலளவில் நிற்பதன்று. செவிலியராகப் பயின்று பின்னர் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ், 1967ஆம் ஆண்டு இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். இறுதிநிலை நோயாளரின் வலியை உடல், உள்ளம், சமூகம், ஆன்மிகம் ஆகிய நான்கும் கலந்த முழு வலியாக அவர் கண்டார். ‘எனக்கு மட்டும் ஏன் இந்நோய்?’ என்று கலங்குபவருக்கு மார்பின் மட்டும் விடையாகாது.

ஒரு செவிலியர் பலரைக் கவனிக்கும் நிலையில் இதற்கு நேரமேது எனலாம். ‘துன்பத்தில் உங்களுக்கு வலிமை தருவது எது? சிகிச்சையில் நாங்கள் கருத்திற்கொள்ள வேண்டிய வழக்கம் ஏதேனும் உண்டா?’ இவ்விரு வினாக்களே போதும். இறைநம்பிக்கை அற்றவரிடமும் இவற்றைக் கேட்கலாம். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தலாகாது. தம் சமயத்தைப் போதிப்பதோ அறவே கூடாது. படுக்கையிலிருப்பவர் எழுந்து செல்ல இயலாதவர் அல்லவா? பெற்ற விடையைக் குறிப்பேட்டில் எழுதிப் பணிமாற்றத்தின்போது அடுத்த செவிலியரிடம் தெரிவிக்கவும் வேண்டும். இல்லையேல், காலையில் சொன்னதையே நோயாளி இரவிலும் சொல்ல நேரும்.