எங்கள் சாக்கடையும் கடல் சொறியும்

வெள்ளிக்கிழமை இரவு மடிவாளாவில் பஸ் ஏறி, விடியலில் புதுச்சேரியில் இறங்கி, சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கும் பெங்களூர்க்காரர்கள் நாங்கள். சில நாள் நீருக்குள் இழுதுமீன்கள் கூட்டமாக எதிர்ப்படும். மீனவர்கள் சொறி என்று வலையிலிருந்து உதறித் தள்ளும் அதே உயிர்தான். அதன் குடை போன்ற உடலுக்கு அடியில் பாரை மீன் குஞ்சுகள் ஒளிந்தபடி கூடவே போகும். முன்பு பார்த்திராத நிறமோ வடிவமோ தென்பட்டால் கேமராவைத் திருப்பினோம். ‘வேற்றுக்கிரகவாசி’ என்று இன்ஸ்டாகிராமில் போட்டோம். தேதி, ஆழம், நீரின் வெப்பம் எல்லாவற்றையும் மணிக்கட்டில் கட்டிய கருவியே காட்டிக்கொண்டிருந்தது. ஒருவரும் குறித்துவைக்கவில்லை.

இழுதுமீனின் உடலில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். வலையில் சிதையும், கரை ஒதுங்கினால் வெயிலில் ஒன்றுமில்லாமல் போகும். அதனால் நீருக்குள் முழு உருவில் பார்த்தவர் சொல்வதற்கு ஆய்வாளரிடம் தனி மதிப்பு உண்டு. மும்பையில் 2017இல் சிலர் சேர்ந்து ‘மரைன் லைஃப் ஆஃப் மும்பை’ தொடங்கி, கரையோரப் பாறைகளில் கண்டதையெல்லாம் படமும் இடமுமாகப் பதிந்துவருகிறார்கள். அப்படிப் பதிவதற்கான ‘இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல்’ எங்கள் ஊரிலிருந்தேதான் இயங்குகிறது. நாங்கள் எட்டிப் பார்க்கவில்லை.

இது சின்ன அலட்சியம். பெரியதைக் கரையில் செய்தோம்.

பெல்லந்தூர் ஏரியில் சேரும் எங்கள் கழிவுநீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தட்சிண பினாகினி ஆற்றில் கலக்கிறது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வந்து, தென்பெண்ணையாகக் கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டி, கடலூர் அருகே வங்கக் கடலில் விழுகிறது. நாங்கள் முங்கும் இடத்துக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர்! சாதாரண நாளில் அணைகள் பெரும்பகுதியைத் தேக்கிவிடும். வெள்ளம் வந்தால் அது நடக்காது. ஃபெஞ்சல் புயலுக்குப் பின், 2024 டிசம்பரில், சாத்தனூரிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள்.

கழிவிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் கடலோர மிதவைப் பாசியைப் பெருக்கும். அதைத் தின்னும் சிற்றுயிர்களும் பெருகும், இழுதுமீனுக்கு விருந்துதான். பாசி அழுகி ஆக்சிஜன் குறையும்போது மீன்கள் விலகிப்போகும், இழுதுமீன் தாக்குப்பிடிக்கும். மீனை அளவின்றி வாரியெடுப்பதும் கடல் சூடாவதும் இதனோடு சேரும் காரணங்கள். புதுச்சேரியில் நாங்கள் கண்ட கூட்டத்துக்கு எங்கள் சாக்கடைதான் காரணம் என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டில் எதைச் சொல்லவும் வருடக்கணக்கான பதிவுகள் வேண்டும். அதைத்தான் நாங்கள் எழுதி வைக்கவில்லையே.

2017 பிப்ரவரியில் பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்தபோது கொதித்தோம். புகை எங்கள் பால்கனிக்கே வந்தது. கெலவரப்பள்ளி மதகுகளில் நுரை மலைபோல் பொங்கி ஓசூர் விவசாயிகளை மிரட்டியபோது, அது தமிழ்நாட்டுச் செய்தி என்று பக்கத்தைப் புரட்டினோம், வீட்டில் தமிழ் பேசுகிற நாங்களும்கூட. அடுக்ககக் கூட்டத்தில், கழிவுநீர் சுத்திகரிப்பு இயந்திரத்தை இரவில் நிறுத்திவைத்தால் கரண்ட் பில் மிச்சமாகும் என்று யாரோ சொன்னதும் கை தூக்கியவர்களும் நாங்கள்தாம்.