பழைய அரசுக் கட்டடத்தில் உணவகம்

மதிப்புக்குரிய கடலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

ஆள் புழங்காத வீடு பாழ் என்பது அரசுக் கட்டடத்துக்கும் பொருந்தும். கடலூரே அதற்குச் சான்று. 1690-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடம் வாங்கிய தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டை, 1746 முதல் 1752 வரை சென்னைக்குப் பதிலாகத் தென்னிந்தியாவில் கம்பெனியின் தலைமையிடமாக இருந்தது. 1758-இல் லாலியின் பிரெஞ்சுப் படை பிடித்துத் தகர்த்தபின் அது இடிபாடுதான். மஞ்சக்குப்பத்தில் கம்பெனியின் ராபர்ட் கிளைவ் தங்கிய தோட்ட மாளிகையோ ஆட்சியர் இல்லமாகப் பயன்பட்டு நிலைத்தது. அதன் கூரை இரும்பும் மரமும் இன்றிச் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனது.

வேறு அலுவல் இல்லாத பழைய கட்டடத்துக்குப் புழக்கம் தரும் வழிகளில் ஒன்று உணவகம். கொழும்புக் கோட்டைப் பகுதியில் 17-ஆம் நூற்றாண்டு டச்சு மருத்துவமனை பிற்காலத்தில் காவல் நிலையமாக இருந்தது; 1996 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் சேதமுற்றது. அரசு அதைச் சீரமைத்து 2011-இல் உணவகங்களும் கடைகளும் கொண்ட வளாகமாகத் திறந்தது. தடித்த சுவர்களும் முற்றங்களும் அப்படியே இருக்க, முற்றத்தைச் சுற்றி மக்கள் உண்கிறார்கள்.

ஆனால் அடுப்பு பழைய கட்டடத்துக்குப் பகை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கும். உப்புப் பூத்துக் காரை பெயரும். கடற்காற்றுள்ள ஊரில் இது விரைவில் நடக்கும். எண்ணெய்ப் புகையும் நீராவியும் சேர்ந்தால் கேடு இரட்டிப்பாகும். ஆகவே சமையற்கூடம், எரிவாயு உருளைகள், பாத்திரம் கழுவுமிடம் மூன்றும் தனிக் கொட்டகையில் அமைய வேண்டும். பழைய கூடத்தில் பரிமாறுவது மட்டுமே நடக்க வேண்டும். குழாய்க்காகச் சுவரைக் குடையாமலும், கழிவுநீர் அடித்தளத்தை அணுகாமலும், பூச்சு சுண்ணாம்பிலேயே அமையவும் குத்தகைப் பத்திரத்திலேயே விதிகள் வேண்டும். வாடகையில் ஒரு பங்கு பராமரிப்புக்கென ஒதுக்கப்பட வேண்டும்.

உணவிலும் மாவட்டம் தெரிய வேண்டும். சிதம்பரத்தின் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும், கடலூர்த் துறைமுகத்து மீனும், பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் ஒரே இலையில் வரலாம். உணவகத்தை மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் ஒப்படைத்தால் வருவாய் உள்ளூரில் நிற்கும். கட்டடம் பொதுச்சொத்து என்பதால், தங்களிடம் மனு கொடுக்க வருபவரும் உண்ணக்கூடிய விலையில் ஒரு வேளைச் சாப்பாடாவது அங்கே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கடலூர்க் குடிமக்களில் ஒருவர்