கிளமென்டேயின் புகழ் விமான விபத்தில் பிறந்ததல்ல

பழைய பேஸ்பால் வீரர்களைப் பற்றிய பேச்சில் ராபர்ட்டோ கிளமென்டேயின் பெயர் வந்தால் ஒரு வாதமும் கூடவே வந்துவிடுகிறது. 1972 டிசம்பர் 31 இரவு, நிலநடுக்கத்தில் நொறுங்கிய நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிய விமானம் புவேர்ட்டோ ரிக்கோ கரையை ஒட்டிக் கடலில் விழுந்தது. அதில் இருந்த கிளமென்டேக்கு வயது 38. அந்தச் சாவுதான் அவரைப் பெரியவராக்கியது, ஆட்டத்தை மட்டும் பார்த்தால் அவர் நல்ல வீரர், அவ்வளவுதான், ரசிகர்கள் காட்டும் பக்தியில் முக்கால்வாசி இரக்கம் என்பதே அந்த வாதம். திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு, நிரூபணமான உண்மை போல அது நடமாடுகிறது. அது தவறு என்பதே என் உறுதியான கருத்து.

அப்படி வாதிடுகிறவர்கள் கையில் உள்ள வலுவான சான்றையே முதலில் எடுப்போம். 1972 செப்டம்பர் 30 அன்று, பிட்ஸ்பர்க் நகரின் த்ரீ ரிவர்ஸ் மைதானத்தில், நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜான் மேட்லாக் வீசிய பந்தில் கிளமென்டே தன் 3,000ஆவது ஹிட்டை அடித்தார். அதுவரை பத்தே பேர் தொட்டிருந்த எல்லை அது. பார்க்க வந்தவர்கள் சுமார் 13,000 பேர். இருக்கைகளோ ஏறக்குறைய 50,000. உயிரோடிருந்தபோது யார் கொண்டாடினார்கள் என்று கேட்கிறார்கள்.

ஆனால் அன்றைய ஆட்டத்தின் முடிவால் எதுவும் மாறப்போவதில்லை. கிளமென்டே ஆடிய பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அதற்கு முன்பே தன் பிரிவின் முதலிடத்தை உறுதி செய்துவிட்டது. அன்றைய தலைகளை எண்ணுகிறவர்கள் 1970 ஜூலை 24ஐயும் எண்ண வேண்டாமா? அதே மைதானத்தில் அவருக்காகவே நடத்திய பாராட்டு இரவு அது. 40,000க்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து 3,00,000 பேர் கையெழுத்திட்ட வாழ்த்துச் சுருளை விமானமேற்றிக் கொண்டுவந்தார்கள். அப்போது அந்தத் தீவின் மக்கள்தொகையே 30 லட்சத்துக்கு உள்ளேதான். பத்தில் ஒருவருக்கு மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதுவும் விபத்துக்கு இரண்டரை ஆண்டு முன்பு. இதை இரக்கம் என்று எப்படிச் சொல்வது?

அந்தக் கையெழுத்துகளுக்குப் பின்னால் இன்னும் நீண்ட பழக்கம் இருக்கிறது. புவேர்ட்டோ ரிக்கோவின் கரோலினாவில் பிறந்த இந்தப் பையன் 18 வயதில் தீவின் சான்டுர்சே அணிக்குள் வந்தான். 1954-55 குளிர்காலத்தில் அமெரிக்க நட்சத்திரம் வில்லி மேஸும் அவனும் ஒரே அணியின் வெளிக்களத்தில் ஆடியதைத் தீவுக்காரர்கள் நேரில் பார்த்தார்கள். அமெரிக்காவில் நட்சத்திரமான பிறகும் பல குளிர்காலங்களில் அவர் ஊர் திரும்பி ஆடினார், சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். விபத்துச் செய்தியில் அவரை முதன்முதலாக அறிந்த மக்கள் அல்ல அவர்கள்.

“அப்படியானால் 1960இல் அவருக்கு ஏன் எட்டாவது இடம்?” இது அடுத்த கேள்வி. அந்த ஆண்டு பைரேட்ஸ் உலகத் தொடரை வென்றது. ஏழு ஆட்டங்களிலும் கிளமென்டே ஹிட் அடித்தார். லீகின் மிகச் சிறந்த வீரர் விருதோ அதே அணியின் டிக் குரோட்டுக்குப் போனது. கிளமென்டே எட்டாவதாக வந்தார். உண்மைதான். ஆனால் அந்த விருதுக்கு வாக்களித்தவர்கள் பத்திரிகையாளர்கள், ரசிகர்கள் அல்ல. அன்றைய பத்திரிகையாளர்களில் பலர் அவர் தனக்கென்று சொல்லாத பெயரான ‘பாப்’ என்பதைச் சூட்டினார்கள். அவருடைய ஆங்கில உச்சரிப்பை எழுத்துக்கு எழுத்து கேலியாக அச்சிட்டார்கள். வலி என்று சொன்னால் நடிக்கிறார் என்று எழுதினார்கள். 1954 டிசம்பரில், சாகக் கிடந்த அண்ணனைப் பார்க்கப் போன வழியில், குடிபோதையில் ஒருவர் ஓட்டிவந்த கார் மோதி முதுகெலும்பில் பட்ட அடி அது. அந்த முதுகோடு அவர் பைரேட்ஸுக்காக 2,433 ஆட்டங்கள் ஆடினார். அந்த அணியின் வரலாற்றில் அதைவிடக் கூடுதலாக ஆடியவர் எவருமில்லை. ஹோனஸ் வாக்னர் அதே எண்ணிக்கையில் நிற்கிறார். பத்திரிகை அறையின் மனக்கசப்பைப் பார்வையாளர் வரிசையின் மீது சுமத்துவது நியாயமில்லை.

இனி கணக்குப் புலிகளின் வாதம். 240 ஹோம் ரன் மட்டுமே அடித்தார். பந்தை விட்டுவிட்டு இலவசமாக முதல் பேஸுக்கு நடக்கும் பொறுமை அவருக்கு இல்லை, 18 ஆண்டுகளில் 621 முறைதான் நடந்தார். இந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன். எட்டாத உயரத்தில் வந்த பந்தைக்கூடத் துரத்தி அடிப்பது அவர் பாணி. ஆனால் அவர் 1970 நடுப்பகுதிவரை ஆடிய ஃபோர்ப்ஸ் மைதானத்தில் இடது-நடுச் சுவர் 457 அடி தூரத்தில் இருந்தது. வலக்கை ஆட்டக்காரர் வேறு ஊரில் அடித்தால் ஹோம் ரன் ஆகும் பந்து அங்கே புல்லில் விழும். அவருடைய 166 மூன்று-பேஸ் அடிகளுக்கு அந்தப் பரப்பும் ஒரு காரணம். நான்கு முறை லீகின் பேட்டிங் சராசரியில் முதலிடம், வாழ்நாள் சராசரி .317.

பிறகு அந்த வலக்கை. அவர் நின்ற வலது வெளிக்களம் கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டருகே நிற்பது போன்ற தூரம். அங்கிருந்து மூன்றாம் பேஸுக்கும் வீட்டுப் பேஸுக்கும் நேர்கோடாகப் பந்து வரும். அவர் எறிந்து 266 பேர் ஆட்டமிழக்கக் காரணமானார். அவர் கையில் பந்து இருக்கிறது என்று தெரிந்ததும் ஓடாமல் நின்றுவிட்டவர்கள் இந்தக் கணக்கில் இல்லை; அவர்களை எந்த ஏட்டிலும் எழுதுவதில்லை, மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டுமே பார்த்தார்கள். தடுப்பாட்டத்துக்கான கோல்ட் கிளவ் விருதைக் களத்தில் இருப்பவர்களே வாக்களித்துத் தந்தார்கள். 1961 முதல் 1972 வரை பன்னிரண்டு முறையும் தொடர்ந்து அவருக்கே. அடி, ஓட்டம், தடுப்பு மூன்றையும் சேர்த்து, எளிதில் கிடைக்கும் மாற்று ஆளைவிட ஒருவர் எத்தனை வெற்றி கூடுதலாகத் தந்தார் என்று இன்றைய ஆய்வாளர்கள் கணக்கிடும்போது கிளமென்டேக்கு 94 வருகிறது. ஆட்டக்கணக்கை வைத்தே அவரைக் குறைக்க வந்தவர்களுக்கு அதே கணக்கு தரும் பதில் இது.

பேஸ்பால் புகழரங்கத் தேர்வில் ஐந்தாண்டுக் காத்திருப்பைத் தளர்த்தி 1973இல் சிறப்பு வாக்கெடுப்பு நடந்ததையும் சலுகை என்கிறார்கள். தளர்ந்தது காலக்கெடு மட்டுமே. வாக்காளர் 424 பேரில் 393 பேர் ஆதரித்தார்கள். அவருக்கு முன் 3,000 ஹிட் கண்ட பத்துப் பேரில் ஒருவர்கூடப் பிற்பாடு அந்த அரங்குக்கு வெளியே நின்றதில்லை.

அந்தப் பயணத்தையும் வெறும் விபத்தாகச் சுருக்க நான் சம்மதிக்க மாட்டேன். சில வாரங்களுக்கு முன்புதான் அவர் நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவில் புவேர்ட்டோ ரிக்கோ அமெச்சூர் அணியை வழிநடத்திவிட்டுத் திரும்பியிருந்தார். அந்த ஊர் மனிதர்களை அறிவார். முன்னே அனுப்பிய பொருட்கள் அந்நாட்டு ஆட்சியாளர் சொமோசாவின் படையினர் கையில் சிக்கி மக்களுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டதும், தான் நேரில் நின்றால் தொட மாட்டார்கள் என்று ஏறினார். அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய பழைய விமானம் அது. இந்தப் பிடிவாதம் அவருக்குப் புதிதல்ல. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச் சடங்கு முடியும்வரை ஆட மாட்டோம் என்று பைரேட்ஸ் வீரர்கள் நின்றபோது முன்னின்றவர்களில் இவரும் ஒருவர். 1971 உலகத் தொடரில் .414 அடித்துச் சிறந்த வீரராக நின்றபோது, தொலைக்காட்சியில் முதலில் ஸ்பானிஷ் மொழியில் தன் பெற்றோரிடம் பேசினார். ரசிகர்கள் நேசித்தது இந்தப் பிடிவாதக்காரரை. சாவு செய்த ஒரே மாற்றம், அவருடைய கோபத்தைத் துடைத்துவிட்டு ஒரு சாந்தமான புனிதரை அங்கே வைத்ததுதான். அதனால் அவருக்கு இழப்பே தவிர லாபமில்லை.

ஜாக்கி ராபின்சனின் 42ஆம் எண்ணை 1997இல் எல்லா அணிகளிலும் ஓய்வு கொடுத்தது போல கிளமென்டேயின் 21ஐயும் கொடுக்க வேண்டும் என்று புவேர்ட்டோ ரிக்கோ ரசிகர்கள் கேட்டு வருகிறார்கள். கேட்கட்டும், நானும் அவர்கள் பக்கம். ஆனால் அந்த மனுவில் விமானத்தைக் கடைசிப் பத்தியில் எழுதட்டும். முதல் பத்தியில் அந்த 266 எறிகளும், பன்னிரண்டு கோல்ட் கிளவும், லத்தீன் அமெரிக்காவிலிருந்து புகழரங்கம் புகுந்த முதல் ஆட்டக்காரர் என்ற உண்மையும் இருக்கட்டும்.