அக்கா சோம்பேறி இல்லை

"ஆறாம் மாடி ஏறினாலே மூச்சு வாங்குது" என்று அக்கா சொன்னால், யாங்கோனில் நம் வீடுகள் தரும் பதில்: "பேரீச்சம்பழம் சாப்பிடு." நூறு கிராம் பேரீச்சையில் சுமார் 1 மில்லிகிராம் இரும்புச்சத்துதான், மாதவிடாய் வரும் வயதில் தினம் 18 வேண்டும்.

2015-16 கணக்கெடுப்பில், மியன்மாரில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 47 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இத்தனை பேரும் சோம்பேறிகளா?

மீன் துண்டு அண்ணனுக்கு, மிச்சக் குழம்பு அக்காவுக்கு. சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீரோ சோற்றிலுள்ள இரும்பையும் உடம்பில் சேரவிடாது.

பங்கை மாற்றுங்கள். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளுங்கள். அக்காவை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே என்றால் காரணத்தை மருத்துவர் பார்க்கட்டும். இரும்பு மாத்திரை தந்தால் மாதக்கணக்கில் விடாமல் சாப்பிடணும். பழம் பழம்தான், மருந்து ஆகாது.