பழைய முத்திரை, புதிய தோட்டா

அமெரிக்காவில் ரைஃபிள் சுடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களில் ஒரு சாரார் கடையில் தோட்டா வாங்குவதில்லை. வீட்டுக் கார் ஷெட்டிலோ பின்னறையிலோ ஒரு மேஜை போட்டு, அதில் ஒரு பிரஸ்ஸைப் பொருத்தி, தங்களுக்கு வேண்டிய தோட்டாக்களைத் தாங்களே தயாரித்துக்கொள்கிறார்கள். இதற்கு ஹேண்ட்லோடிங் என்று பெயர். இதில் இன்னும் ஒரு படி மேலே போனவர்கள், ஒரு ரகத் தோட்டாவின் பித்தளைக் கூட்டை வெட்டி, ஒடுக்கி, வேறொரு ரகத்துக்கான கூடாகவே மாற்றிவிடுகிறார்கள். கேட்பதற்கு ஏதோ சித்துவேலை போல இருந்தாலும் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் விஷயம்தான். எப்படி மாற்றுவது என்று சொல்லித்தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மாற்றிய பிறகு செய்யவேண்டிய ஒரு சின்ன வேலையைத்தான் பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். அந்த அலட்சியம் தவறு, அதுவும் ஆளைக் காயப்படுத்தக்கூடிய தவறு.

ஒரு தோட்டாவில் நான்கு பொருட்கள் உண்டு. முன்னால் குண்டு, உள்ளே வெடிமருந்து, அடியில் தீப்பொறி தரும் பிரைமர், இவை மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பித்தளைக் கூடு. சுட்டவுடன் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் மறுமுறை உதவாது. மிஞ்சுவது கூடு மட்டும். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த அந்தப் பித்தளை, சரியாகப் பராமரித்தால் பல முறை பயன்படும். அதன் அடியில் தயாரித்தவரின் அடையாளமும் பெரும்பாலும் தோட்டாவின் ரகமும் முத்திரையாகப் பொறிக்கப்பட்டிருக்கும்.

எந்தக் கூட்டையும் எந்தக் கூடாகவும் மாற்றிவிட முடியாது. அடிப்பாகத்தின் விட்டம் ஒன்றாகவோ மிக நெருக்கமாகவோ இருக்கவேண்டும். மேலே உள்ள உடல், தோள், கழுத்து ஆகியவற்றைத்தான் மாற்றமுடியும். 1906-ல் அமெரிக்க ராணுவம் ஏற்ற .30-06 என்ற தோட்டாவின் கூட்டிலிருந்து 1925-ல் .270 வின்செஸ்டர் வந்தது. அதே கூட்டின் கழுத்தைச் சிறிதாக்கி ஆர்வலர்கள் பல்லாண்டுகள் பயன்படுத்திவந்த .25-06 என்ற ரகத்தை 1969-ல் ரெமிங்டன் கம்பெனி தன் பெயரில் தயாரிக்கத் தொடங்கியது. ஆக, கம்பெனிகளுக்கே வழிகாட்டிய கலை இது. இதை வெறும் கஞ்சத்தனம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

தேவையும் உண்மையானதுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் பலர், ஜப்பானியரின் டைப் 99 ரைஃபிளை நினைவுப்பொருளாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கான 7.7 மி.மீ. தோட்டா உள்ளூர்க் கடைகளில் கிடைக்காது. ஆனால் .30-06 கூடுகள் எங்கும் கிடைத்தன, அடிவிட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான். 63 மி.மீ. நீளக் கூட்டில் 5 மி.மீ.க்குச் சற்று மேல் குறைத்து, டை எனப்படும் அச்சுக்குள் அழுத்தினால் வேலை முடிந்தது. சுவரில் மாட்டி வைத்திருக்க வேண்டிய துப்பாக்கி மறுபடி சுட்டது இப்படித்தான்.

இந்தக் காலத்தில் அதிகம் நடப்பது வேறொரு மாற்றம். 300 பிளாக்அவுட் என்ற தோட்டாவுக்கு 2011-ல் முறையான அளவுகள் வகுக்கப்பட்டன. .223 ரெமிங்டன் அல்லது ராணுவத்தின் 5.56 மி.மீ. தோட்டாவின் கூட்டிலிருந்தே இதைச் செய்துவிடலாம். சுடுதளங்களில் பொறுக்க எளிதாகக் கிடைப்பவை அந்தக் கூடுகள்தான். பழைய பிரைமரை எடுத்துவிட்டு, தோளுக்குக் கீழே சின்ன ரம்பத்தால் அறுத்து, வழவழப்பான மசகு தடவி, டைக்குள் அழுத்தினால், முன்பு உடலாக இருந்த பகுதி புதிய தோளாகவும் கழுத்தாகவும் ஒடுங்கும். பிறகு 44.7 மி.மீ. இருந்த கூடு 34.7 மி.மீ.க்கு வருமாறு சீவி, பிசிறு எடுக்கவேண்டும்.

இதில் கவனிக்கவேண்டியவை நிறைய. உடலாக இருந்த பகுதி கழுத்தாவதால் பித்தளையின் கனம் கூடிவிடலாம். கழுத்து தடித்திருந்தால், சுடும்போது அது விரிந்து குண்டை விட இடமிருக்காது, உள்ளே அழுத்தம் எகிறும். அதனால் அளந்து பார்த்து, தேவையானால் கடைந்து மெலிதாக்குவார்கள். சில கூடுகளின் சுவர் தடிமன் அதிகம், உள்ளே இடம் குறைவு. அதே அளவு மருந்து அங்கே அதிக அழுத்தம் தரும்.

அடுத்தது பதப்படுத்துவது. பித்தளையை அடிக்க அடிக்க அது இறுகிப்போகும் என்பது குடம் அடிக்கும் கன்னாருக்குத் தெரிந்த சங்கதி. நடுவில் சூடுகாட்டி இளக்காவிட்டால் விரிசல் விடும். தோட்டாக் கூட்டுக்கும் அதே விதிதான். ஆனால் சூடு கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும்தான். அழுத்தத்தைத் தாங்கவேண்டிய அடிப்பாகம் இளகினால் ஆபத்து. இறுகிய பித்தளைக்குள் தங்கிவிடும் இழுவிசை என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவிலேயே பழைய உதாரணம் உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் கூடுகள் தாமாகவே வெடித்துப் பிளந்தன. ஈரக்காற்றில் கலந்த குதிரைச் சிறுநீரின் அமோனியா, ஏற்கெனவே இழுபட்டிருந்த பித்தளையைப் பிளந்துவிடுகிறது என்ற விளக்கம் 1921-ல் வெளியானது.

இந்தக் கவனமெல்லாம் ஒரு நல்ல ஹேண்ட்லோடருக்கு உண்டு. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை அளப்பார், ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். ஆனால் வேலை முடிந்து கையில் இருக்கும் தோட்டாவைத் திருப்பிப் பாருங்கள். நீளம், தோள், கழுத்து, குண்டு எல்லாம் மாறிவிட்டன. அடியில் மட்டும் '223' என்றே இருக்கிறது. ராணுவக் கூடாக இருந்தால் தொழிற்சாலையின் குறியும் வருடமும் மட்டுமே இருக்கலாம். தோட்டா தன்னைப் பற்றித் தானே பொய் சொல்கிறது.

அதனால் என்ன கெட்டுவிடும்? 300 பிளாக்அவுட் பிரபலமானதற்குக் காரணமே, ஏஆர்-15 ரைஃபிளில் குழலை மட்டும் மாற்றினால் போதும், போல்ட்டும் மேகஸினும் பழையதே என்பதுதான். இந்தச் சௌகரியமே அதன் ஆபத்தும். இரண்டு தோட்டாக்களின் அதிகபட்ச மொத்த நீளமும் ஒன்றுதான், சுமார் 57.4 மி.மீ. 300 பிளாக்அவுட் தோட்டா தவறுதலாக .223 ரைஃபிளின் மேகஸினில் ஏறிவிட்டால் அது தடையின்றி மேலே வரும். பல சமயம் உள்ளே போகாமல் முட்டி நின்றுவிடும். ஆனால் சில குண்டுகளின் வடிவம் இடம் கொடுத்துவிடும், அல்லது குண்டு கூட்டுக்குள் பின்னால் தள்ளப்பட்டு போல்ட் மூடிவிடும். அப்போது விசையை இழுத்தால் 7.8 மி.மீ. குண்டு 5.7 மி.மீ. குழலுக்குள் புகப் பார்க்கும். வாயு வெளியேற வழியில்லாமல் துப்பாக்கி சுடுபவரின் முகத்துக்கு அருகிலேயே சிதறும். இப்படித் துப்பாக்கிகள் சிதறியது பலமுறை நடந்திருக்கிறது.

.30-06 கூட்டை வெட்டி 8 மி.மீ. மவுசராக மாற்றுவதிலும் இதே சிக்கல். கூடு குட்டை, குண்டு தடி, முத்திரையோ '.30-06'. அந்த முத்திரையை நம்பி ஒருவர் அதை .30-06 ரைஃபிளில் போட்டால் அவரைக் குற்றம் சொல்லமுடியுமா? எழுத்தைப் படித்துத்தானே போட்டார்?

"நான் செய்ததை நான்தான் சுடுகிறேன், எனக்குத் தெரியாதா?" என்பதுதான் வழக்கமான பதில். தெரியும், இன்றைக்குத் தெரியும். பத்து வருடம் கழித்து, லேபிள் உதிர்ந்த டப்பாவைத் திறக்கும்போது அதே ஆளுக்குத் தெரியுமா? அவர் காலமான பிறகு மகளோ பேரனோ திறந்தால்? வீட்டுச் சாமான்களோடு சேர்த்து விற்கப்பட்டு, முகம் தெரியாத ஒருவர் கைக்குப் போனால்? தோட்டா நன்றாகச் சேமித்தால் பல பத்தாண்டுகள் கெடாது. செய்தவரின் ஞாபகம் அத்தனை காலம் கெடாமல் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

சரியான முத்திரை இருந்தாலும் அசட்டையாக இருப்பவர் மாற்றிப் போடத்தானே செய்வார் என்றும் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. முத்திரை எந்தத் தோட்டாவையும் தடுத்து நிறுத்தாது. ஆனால் சந்தேகம் வந்து நின்று பார்ப்பவருக்குக் கடைசியாக உதவுவது அதுதான். அந்த உதவியையும் பறிப்பதில் அர்த்தமில்லை.

அதற்காக இந்தக் கலையையே கைவிடவேண்டும் என்பதில்லை. சரியான முத்திரையோடு புதுக் கூடு நியாய விலைக்குக் கிடைக்கும் ரகத்தில் அதையே வாங்குவது நல்லது. மிச்சமாகும் காசு, அறுத்துச் சீவும் மணிநேரங்களுக்கும் இந்த ஆபத்துக்கும் ஈடாகாது. கூடே கிடைக்காத பழைய துப்பாக்கிகளுக்கு மாற்றிச் செய்துகொள்வதே வழி. அப்படிச் செய்தால் ஒவ்வொரு கூட்டின் அடியிலும் அழியாத மையால் நிறம் தீட்டவேண்டும். டப்பாவின் வெளியே மட்டுமல்லாமல் உள்ளேயும் ரகத்தையும் மூலக் கூட்டையும் எழுதிவைக்க வேண்டும். மேகஸின்களைத் தனித்தனியாகக் குறிக்கவேண்டும். வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. சுடுவதை நிறுத்தும் காலம் வந்தால் மிச்சமிருப்பவற்றைப் பிரித்துப்போட வேண்டும்.

ஒரு கூட்டுக்கு நிறம் தீட்ட ஐந்து வினாடி ஆகுமா? அதை மாற்றி அமைக்க ஆன நேரத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை. அந்த ஐந்து வினாடியையும் செலவிட்ட பிறகே தோட்டா தயாராகிவிட்டது என்று சொல்லவேண்டும்.